ஐந்தாவது ஓட்டு

இல்லினாய் மாநிலத்துக் கார்வெல் ஊரின் தீயணைப்பு நிலையத்தில், சாப்பிட்ட பாத்திரங்களைக் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் கழுவ வேண்டும். டெனிஸ் நோவிக்கி ஒன்பது வருடமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு நகராட்சி ஒருவரையும் எடுக்கவில்லை.

பென்ஷன் நிதிக்கு வருடா வருடம் கட்ட வேண்டியதை மேயர்கள் ஆளுக்கு ஆள் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பணத்தில் ரோடு வந்தது, பேஸ்பால் மைதானத்துக்கு விளக்கு வந்தது. விளக்கு எரிந்த அன்று கைதட்டியவர்களில் டெனிஸின் அப்பா லெஸ்டரும் ஒருவர்.

முப்பத்தொரு வருடம் தீயணைத்து ஓய்வு பெற்ற லெஸ்டர், பென்ஷன் குழுவின் ஐந்து பேரில் ஒருவர். ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இன்னும் நான்கு வருடத்தில் நிதி காலி என்று தெரிந்ததும் குழு மாநில அரசிடம் மனுக் கொடுக்க யோசித்தது. கொடுத்தால், ஊருக்கு வரவேண்டிய விற்பனை வரியை மாநிலமே பிடித்து நேராக நிதியில் போட்டுவிடும். மேயர் சுற்றி வளைக்கவில்லை.

"தாராளமா குடுங்க. அடுத்த மாசமே ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்புவேன். கடைசியா வந்தவங்கதான் முதல்ல போவாங்க."

பத்து வருடம் முடித்தால்தான் பென்ஷன் உரிமை. டெனிஸுக்கு ஏழு மாதம் பாக்கி.

குழுவில் இரண்டு பேர் மனுவுக்கு ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. ஐந்தாவது ஓட்டு லெஸ்டருடையது.

ஓட்டெடுப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மார்ஜ் பெட்டிட் வந்தாள். லெஸ்டரோடு ஒரே வண்டியில் தீயணைக்கப் போய்த் தீவனக் கிடங்கில் செத்துப்போனவனின் மனைவி. எழுபத்தெட்டு வயது. அவளுக்கு அந்தப் பென்ஷனைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

"லெஸ், உன் அழகுக்காகவா நான் உனக்கு ஓட்டுப் போட்டேன்? பேசாம கையைத் தூக்கு."

அவள் போனதும் டெனிஸ் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அன்னைக்கு வயித்து வலின்னு படுத்துக்கோங்க. ரெண்டுக்கு ரெண்டுன்னா மனு விழுந்துடும். ஏழு மாசம் கழிச்சு மறுபடி கொண்டு வாங்க. நானே வந்து கை தட்டறேன்."

"ஏழு மாசந்தானா?"

"ஏழே மாசம். தள்ளிப்போடுங்க, அவ்வளவுதான்."

தள்ளிப்போடு என்ற வார்த்தை லெஸ்டரைச் சுட்டது. அந்த ஊரில் அதை எப்போதும் யாராவது ஒருவர் நல்ல காரணத்தோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன ஒருவர்கூடக் கெட்டவரில்லை. அவர் மகளும் கெட்டவளில்லை. அவருக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்குப் போய் மனுவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கிவிட்டு வந்தார்.

மேயர் சொன்ன சொல் தவறவில்லை. கடைசி நாளன்று டெனிஸ் பாத்திரம் துடைக்கும் துணியை, அவளுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த கர்ட்டிஸிடம் நீட்டினாள். அவனுக்குப் பதினாலு வருட சர்வீஸ்.

"இந்தா. இனிமே நீதான் புதுப் பையன்."

ஆள் குறைந்ததில் நிலையத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூட்டினார்கள். ராத்திரி தீப்பிடித்தால் பக்கத்து ஊர் வண்டிதான். டெனிஸ் ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்கு வந்துவிட்டாள். அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

முதல் தேதி மார்ஜுக்கும் லெஸ்டருக்கும் முழுப் பென்ஷன் வந்தது. லெஸ்டர் அந்தக் கடைக்குப் போய்ச் சிவப்பு நிறத் தீயணைப்பான்கள் இரண்டை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

டெனிஸ் அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு மார்ஜுக்கு."

"இது பதினஞ்சு விநாடிதான் வரும், அப்பா."

"தெரியும்."

"வண்டி வர பதினாலு நிமிஷம்."

"தெரியும்மா."

அவள் பில்லைப் போட்டு மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்தாள்.