இருபது அலைவுக்கு முன் மூன்று நொடி

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குண்டை விடுவதற்கு முன் எதற்குக் கண்ணை மூடுகிறார்கள் என்று இயற்பியல் ஆசிரியைக்குப் பிடிபடவில்லை.

ஊசல் சோதனை எளிமையானது. நூலின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. ஓரமாக இழுத்து விட்டால் போய்வரும். ஒரு முறை போய்வர ஆகும் நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது. குண்டு கனமா, லேசா என்பதற்கு அதில் பங்கே இல்லை. இதை நம்பாமல் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை பெரிய குண்டை மாட்டிப் பார்க்கும். அந்தப் பிள்ளையை அவளுக்கு உடனே பிடித்துப்போகும். நேரத்தை ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது, நடுவிலிருந்து அளக்க வேண்டும். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்கும், எந்தக் கணத்தில் திரும்பியது என்று சொல்ல முடியாது. நடுவில் விருட்டென்று கடக்கும், அதனால் கணம் துல்லியமாகக் கிடைக்கும். இருபது அலைவு எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்கினால் அது பத்தொன்பதாகிவிடும். 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும். இவ்வளவையும் சலிக்காமல் சொல்வதால்தான் பிள்ளைகள் அவளுக்கு 'ஊசல் டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் கண்ணை மூடச் சொல்லி அவள் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் வாரம் மூன்று பேர் மூடினார்கள். அடுத்த வாரம் பதினொரு பேர். மூன்றாம் வாரம் நாற்பதில் இருபத்திரண்டு பேர், சரியாக மூன்று நொடி. ஜன்னல் வெளிச்சம் கூசுகிறதோ என்று திரையை இழுத்துவிட்டாள். காற்றில் தூசி பறக்கிறதோ என்று மின்விசிறியை நிறுத்தினாள். வியர்த்துக்கொண்டே மூடினார்கள். கேட்டதற்கு, "கவனம் வரும் டீச்சர்" என்றார்கள், வெண்ணெயைத் தின்ற பூனை மாதிரி.

விடை தலைமை ஆசிரியரின் அறையில் உட்கார்ந்திருந்தது. ஒரு மாணவியின் அப்பா, தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடிச் சாமி கும்பிடறீங்களாம். பிள்ளைங்க கண்ணாடிக் கதவு வழியா பாத்திருக்காங்க. அதே மாதிரி செஞ்சா செய்முறையில இருபதுக்கு இருபதுன்னு என் பொண்ணு சொல்றா. வீட்டுப்பாடத்துக்கு முன்னாடியும் வாயை முணுமுணுக்குறா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் போயும் விட்டது.

"நான் யாரையும் செய்யச் சொல்லலைங்க."

"தெரியும்மா. எங்க சாமி வேற, உங்க சாமி வேற. அவ உங்க சாமியைக் கும்பிட்டாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா மார்க்குக்காகக் கும்பிடக் கூடாதில்ல?"

அவர் போனதும் தலைமை ஆசிரியர் தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தினார். 'பள்ளி வளாகத்துக்குள் எந்த நேரத்திலும், எந்த வடிவிலும், என் மத நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ வெளிப்படுத்த மாட்டேன் என உறுதியளிக்கிறேன்.'

"எந்த விதிப்படி சார்?"

"பிரச்னை வரக் கூடாதுங்கற விதிப்படிம்மா."

"சாப்பாட்டு நேரம் என்னோட நேரம் சார். அந்த நேரத்துல நீங்க போன்ல கிரிக்கெட் பாக்குறீங்க. நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடுறேன். வகுப்புல ஒரு வார்த்தை பேசினேனா?"

"பேசல. அதான் சொல்றேன், பக்கத்துல ஸ்டோர் ரூம் இருக்கே. கதவைச் சாத்திட்டு அங்க வெச்சுக்கோ."

"அமில பாட்டிலுக்கு நடுவுலயா? ஒளிஞ்சு செஞ்சா தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இல்லேன்னா ஃபைல் மேல போகும். எட்டு மணி நேரம் பஸ்ல போற ஊருக்கு மாத்தினா என்னைத் திட்டாதே."

அது வெறும் மிரட்டல் இல்லை. அவளுடைய கணவர் வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இணைந்து கிடக்கிறவர். அந்த இயந்திரம் இந்த ஊரில்தான் இருக்கிறது.

ஆய்வகத்துக்கு வந்தபோது கணக்கு வாத்தியார் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளி முழுக்கத் தெரிந்த நாத்திகர். அவர் சட்டைப் பையிலும் அதே தாள், நான்காக மடித்து.

"எனக்கும் ஒண்ணு வந்துடுச்சு. போன மாசம் டீ குடிக்கறப்ப சாமி இல்லைன்னு சொன்னேனாம். உனக்குச் சாமி இருக்கு, காப்பாத்தும். எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன். எந்திரிங்க, அது என் நாற்காலி."

"கையெழுத்துப் போடப்போறியா?"

"மாட்டேன். ஆனா தையல்காரர் கேட்டதுக்குப் பதில் சொல்லணும். அது உறுத்துது."

செய்முறைக் குறிப்பேடுகளை எடுத்து மேசையில் பரப்பினாள். முதல் வாரம் கண்ணை மூடிய மூன்று பேருக்கும் இருபதுக்கு இருபது. அவர்கள் எப்போதும் நிதானமான பிள்ளைகள், எண்ணிக்கை தப்பாது. மற்றவர்கள் நிதானத்தைப் பார்க்கவில்லை, மூடிய கண்ணைப் பார்த்தார்கள். இரண்டு விஷயம் சேர்ந்து வந்தால் ஒன்றினால் மற்றொன்று என்று முடிவு கட்டுவது அறிவியல் பிள்ளைகள் செய்யும் பழைய தவறு.

"அப்ப உன் மேல தப்பில்லையே" என்றார் வாத்தியார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? மூடினவங்க சராசரி பதினெட்டு, மூடாதவங்க பதினஞ்சு. நிதானத்தாலயா, இல்ல என் கை தானா இளகிடுச்சா? இதை வெச்சு என்னால பிரிச்சுச் சொல்ல முடியலையே."

"நல்லவேளை, என் பாடத்துல இந்த வம்பெல்லாம் கிடையாது."

அவள் எழுந்துபோய் ஆசிரியர் அறையில் இருந்த அவருடைய அலமாரியிலிருந்து கணக்குத் தேர்வுத் தாள்களை எடுத்துவந்தாள். தன்னுடைய தேர்வுத் தாள்களையும் பக்கத்தில் வைத்தாள். ஒரே வகுப்பு, ஒரே நாற்பது பேர். அவளுடைய தாள்களில் முப்பத்தொன்றின் தலையில், அவரவர் வழக்கப்படி, சாமி பெயரோ சின்ன ஓர் அடையாளமோ இருந்தது. அவருடைய தாள்களில் ஒன்றில்கூட இல்லை.

வாத்தியார் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"நான் யாரையும் எழுதாதேன்னு சொன்னதே இல்லையே!"

"நானும் யாரையும் கும்பிடுன்னு சொன்னதில்லை."

"அடப்பாவிகளா! என்னைச் சந்தோஷப்படுத்த சாமியையே வெளிய நிறுத்திட்டு வந்திருக்கானுங்க." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்ப என்ன செய்யறது? நாம ரெண்டு பேரும் வாயையும் கண்ணையும் கட்டிக்கிட்டு வரணுமா?"

"பிள்ளைங்க பயப்படறது என் கண்ணுக்கோ உங்க வாய்க்கோ இல்ல. மார்க் போடற கைக்கு. மாத்த வேண்டியது அதைத்தான்."

அளப்பவர் மீது சந்தேகம் வந்தால் அளப்பவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குத் தெரியக் கூடாததை மறைத்துவிட வேண்டும். பெயருக்குப் பதில் எண் போடலாம் என்றார் வாத்தியார். போதாது என்றாள் அவள். "கையெழுத்து இருக்கே. கடைசி பெஞ்சுப் பையன் எழுதற ஏழாம் எண்ணை நான் பத்தடி தூரத்துலருந்தே கண்டுபிடிச்சிடுவேன்." கேள்வி கேட்டு மார்க் போடும் பகுதியை என்ன செய்வது, வரைபடத்தை யார் திருத்துவது என்று மறுநாளும் உட்கார்ந்தார்கள். பழைய தாள்களில் எண் போட்டு ஒத்திகை பார்த்ததில், அவள் நாற்பதில் ஒன்பது பேரைக் கையெழுத்தை வைத்தே சொல்லிவிட்டாள். அந்த வழியைக் கிழித்துப் போட்டார்கள். வேறொன்று எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனார்கள். கையெழுத்தில்லாத இரண்டு உறுதிமொழிகளை மேசையில் வைத்து, அவற்றின் மேல் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை வைத்தாள்.

தலைமை ஆசிரியர் படித்தார். "இதெல்லாம் நான் கேட்கலையே."

"தையல்காரர் கேட்டார் சார். அவர் கேட்டது நியாயம். நீங்க கேட்டது நியாயமில்ல."

"வார்த்தையை அளந்து பேசும்மா!"

"அளக்கறதுதான் சார் என் வேலை."

"ஏன்யா, நீயுமா? சாமி இல்லைங்கற ஆளு, இந்தம்மா கும்பிடறதுக்கு வக்காலத்தா?"

"அவங்க கும்பிடறதுக்கு இல்ல சார்" என்றார் வாத்தியார். "இன்னிக்கு அவங்க கண்ணை மூடக் கூடாதுன்னா நாளைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது. ரெண்டும் ஒரே தாள்லதானே அடிச்சிருக்கீங்க?"

"ஃபைலை மேல அனுப்பத்தான் போறேன்."

"அனுப்புங்க சார்" என்றாள் அவள். குரலை இறக்கவில்லை. "இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்க. பேரு, கையெழுத்து, தேதி எல்லாம் அடியில இருக்கு. மாத்தல் வந்தா அப்ப வழக்குப் போடுவேன். இப்ப எனக்குச் சாப்பாட்டு நேரம்."

ஆய்வகத்துக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்கு எதிரே இருக்கும் அதே மேசையில் டப்பாவைத் திறந்துவைத்து, கண்ணை மூடினாள். வெளியே தண்ணீர்க் குழாயருகே வரிசையில் நின்ற பிள்ளைகள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

மேலிடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கடிதத்தில் எழுதிய முறை திங்கட்கிழமையே நடைமுறைக்கு வந்துவிட்டது; மார்க்கில் பிரச்னை வராது என்பதால் தலைமை ஆசிரியர் அதைத் தடுக்கவில்லை. அதை அவளே வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கினாள். ஒரு நகலைத் தையல்காரருக்கும் கொடுத்தனுப்பினாள். முறை இதுதான். ஊசல் டீச்சர் சொல்லிக்கொடுத்து, செய்ய வைத்து, தவறைத் திருத்துவாள். தன் பிள்ளைகளுக்கு மார்க் மட்டும் போட மாட்டாள். பிள்ளைகள் தாளில் பெயருக்குப் பதில் சீட்டுக் குலுக்கலில் வந்த எண்ணை எழுதுவார்கள். பெயரும் எண்ணும் உள்ள பட்டியலை வகுப்புத் தலைவி உறையில் போட்டு ஒட்டி அலுவலகத்தில் கொடுத்துவிடுவாள். இயற்பியல், கணக்கு இரண்டு தாள்களும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் உள்ள அரசுப் பள்ளிக்குப் போகும். அங்குள்ள ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டதால், அங்குள்ள தாள்கள் இங்கே வரும். எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்பது ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும். நேர்முகக் கேள்விகளை அந்தப் பள்ளி ஆசிரியர் வந்து கேட்பார். மார்க் பதிவான பிறகுதான் உறை பிரிக்கப்படும்.