மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெண்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் ஆத்மநாதன் மேஜையை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவிக்கு ஒரு நாற்காலி. இந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டார்.

"நீதான் பேராசிரியர். கேள்வி கேளு."

செங்கமலம் கத்தரிக்காய்த் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "நறுக்கிக்கிட்டே கேட்டா ஒத்துக்குவீங்களா?"

"சிதம்பரத்துல எங்க பேராசிரியரு வெத்தலை போட்டுக்கிட்டே கேப்பாரு. நீ தாராளமா நறுக்கு."

"எதிர்வீட்டுப் பிரகதாம்பா நேத்தே மூட்டு வலிக்கு மருந்து கேட்டுட்டா. இது வேற டாக்டர்னு சொன்னேன். அப்புறம் எதுக்கு இந்த வயசுல இத்தனை படிப்புங்கிறா."

ஆத்மநாதன் சிரித்தார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியின் கிளைக்குப் பதினெட்டு வருடமாக மேனேஜர். முன்பு வாங்கிய எம்.காம். பட்டத்தோடு நிற்காமல், வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்து வருடமாகிறது. "பட்டம் வந்தா பஞ்சர் தானா ஒட்டிக்குமா?" என்று முதலாளி கேலி செய்ததோடு சரி, தடுக்கவில்லை. லீவு நாட்கள் எல்லாம் படிப்பிலேயே போயின. மகன் திருச்சி விடுதியிலிருந்து வந்தால் கூட அப்பாவின் முதுகைத்தான் பார்த்துவிட்டுப் போனான். செங்கமலம் குறை சொன்னதில்லை. விளக்குத் திரியை ஏற்றி வைப்பாள், பேனாவுக்கு மை ஊற்றி வைப்பாள். தன் புருஷன் படிக்கிற மனிதர் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

வியாழக்கிழமை அவர் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். எழுதியதை அத்தியாயம் அத்தியாயமாகப் பேராசிரியரிடம் வாயால் விளக்க வேண்டும். அவர் தலையசைத்தால் டைப்புக்குப் போகும். இல்லாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் வீண்.

"சரி, ஆரம்பிங்க," என்றாள் செங்கமலம். "உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி?"

"தனியார் பஸ் கம்பெனிகளில் தொழிலாளரைத் தண்டனை இல்லாமல் நிர்வகிப்பது." அவர் குரல் மேடைக்குப் போய்விட்டது. "தப்புச் செய்தவனை நான் சஸ்பெண்டு செய்வதில்லை. அவன் வீட்டாரை ஆபீஸுக்கு அழைப்பேன். பெண்சாதியோ தகப்பனோ, யாரானாலும் நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, மரியாதையாக விஷயத்தைச் சொல்வேன். தொழிலாளியும் பக்கத்தில் நிற்பான். குரலை உயர்த்த மாட்டேன். குடும்பம் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருடத்தில் ஒரு வழக்கு இல்லை, ஒரு ஸ்டிரைக் இல்லை."

"உதாரணம் சொல்லுங்க."

"அதுதான் மூன்றாம் அத்தியாயம். என் ஆராய்ச்சியே அதன் மேல்தான் நிற்கிறது." அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு. ஆலங்குடி போகும் மாலை வண்டி. திருவரங்குளத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். திருச்சியிலிருந்து புதிதாக வந்தவர். முன் ஸீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண், டிக்கெட் இல்லாமல். கண்டக்டரைக் கேட்டதற்கு, 'எங்க தங்கச்சிங்க, நான் எடுத்துடுறேன்' என்றிருக்கிறான்."

கத்தரிக்காய் நறுக்கிய கை நின்றது. ஆத்மநாதன் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"புகார் என்னிடம் வந்தது. நல்ல கண்டக்டர் அவன், என்னிடம் இருந்தவர்களிலேயே நல்லவன். அதனால் அவன் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவனை வைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'உன் வீட்டுக்காரனுக்குத் தங்கச்சி உண்டாம்மா?' அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, 'இல்லீங்க, ஒத்தப் பிள்ளை' என்றாள். அப்புறம்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். அவன் வாயே திறக்கவில்லை. மறுநாள் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டான். ஒழுக்கக் கேடு ஒன்று சத்தமில்லாமல் கம்பெனியை விட்டு வெளியேறியது."

"அவரு பேரு என்ன?"

"பேர் எழுதக்கூடாது. கண்டக்டர் 'அ' என்றுதான் போட்டிருக்கிறேன்."

"இன்னாசி," என்றாள் செங்கமலம்.

அந்த மாலை அவளுக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. மாமியார் ஊரில் இல்லாத நேரம், ஒரு வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு காசு கூட இல்லாமல், ஆலங்குடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மேனேஜர் வீட்டு அம்மாவிடம் டிக்கெட் கேட்க இன்னாசிக்கு வாய் வரவில்லை. இன்ஸ்பெக்டர் அதட்டியபோது அவன் தங்கச்சி என்று சொன்னதை அவளும் கேட்டாள். ஆலங்குடி வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அவன் மட்டும் கிட்டே வந்து, "வண்டி இப்பவே திரும்பப் போகுதும்மா. எறங்கணும்னா எறங்குங்க, உக்காரணும்னா உக்காருங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான். அவள் இறங்கவில்லை. திரும்பி வந்து அடுப்பை மூட்டி, புருஷன் வருவதற்குள் சாதம் வடித்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து இன்னாசியைப் பற்றி விசாரித்தபோது, அவன் மதுரையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாக ஆத்மநாதன் சொன்னார். நல்லபடியாக இருக்கட்டும் என்று அன்று சாமி விளக்கில் ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக விட்டாள்.

இப்போது அவள் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"பேராசிரியர் ஒரு கேள்வி கேக்குறாரு," என்றாள். "அந்தப் பொம்பளை யாருன்னு விசாரிச்சீங்களா?"

"அது தேவைப்படலை."

"சாயங்காலத்துல, கைப்பிள்ளையோட, டிக்கெட்டுக்குக் காசில்லாம ஒருத்தி உக்காந்திருக்கா. அவளுக்கு என்ன கஷ்டமோன்னு தோணலையா?"

"செங்கமலம், அவரு இந்த அளவுக்கெல்லாம் குடைய மாட்டாரு."

"நான்தாங்க அது."

ஆத்மநாதனுக்கு முதலில் அந்த வாக்கியம் காதில் ஏறவில்லை. வேறு யாரோ வேறு எதையோ சொன்னதுபோல நின்றார். பிறகு நாற்காலியின் முதுகைத் தேடினார். அது மேஜைக்கு அந்தப் பக்கம், அவளிடம் இருந்தது.

"ஒனக்கு இன்னாசியை முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டது என்ன என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"இன்னாசி வீட்டம்மாவும் அன்னைக்கு ராத்திரி வீட்டுல இதைத்தான் கேட்டிருக்கும்," என்றாள் செங்கமலம்.

"நீ எதுக்கு... என்னை விட்டுட்டா போன?"

"அதுக்கு முந்தின வாரம் எங்க அப்பாவை வரச்சொன்னீங்க. இதே கூடத்துல நாற்காலி போட்டீங்க. என்னைக் காப்பி கொண்டாரச் சொன்னீங்க. நான் அத்தையை எதிர்த்துப் பேசுறேன், வீட்டுல கவனம் இல்லை, நல்ல புத்தி சொல்லிட்டுப் போங்கன்னு மெதுவா, சிரிச்ச முகமாச் சொன்னீங்க. எங்க அப்பா எந்திரிச்சு நின்னு, தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, மாப்பிள்ளை பொறுத்துக்கணும்னாரு. எனக்கு முன்னால. நான் கொண்டாந்த காப்பியைக் குடிக்கவே இல்லை. அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறலை."

"அவரு உடம்புக்கு முடியலைன்னுதானே..."

"அப்படித்தான் சொல்லி அனுப்புவாரு."

"ஏன் செங்கமலம் எங்கிட்டச் சொல்லலை? பதினொரு வருஷம்."

"சொல்லியிருந்தா எங்க அக்காவையும் வரவழைச்சுக் காப்பி குடுத்திருப்பீங்க."

தன் ஒரு மாலைக்காக இன்னொரு வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்ற திகைப்பில் அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தரிக்காய்த் தட்டை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

"ஆவூர் பக்கம், சொந்த ஊர்லதான், பெண்சாதி ஜெபமாலையோட. கொஞ்சம் நிலம் இருக்குன்னு கேள்வி. மதுரைன்னு சொன்னது... ஒங்கிட்ட அந்தக் கதையைச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"சட்டையைப் போடுங்க."

குளத்தூர் வழியாகப் போகும் வண்டியில் ஏறினார்கள். கண்டக்டர் மேனேஜரைப் பார்த்ததும் சலாம் போட்டான். தன் குடும்பத்தார் ஏறினாலும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது ஆத்மநாதன் போட்ட விதி. அவர் காசை நீட்டி இரண்டு டிக்கெட் வாங்கினார். வழியில், "வியாழக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?" என்று செங்கமலம் கேட்டாள். அவர் வெளியே பொட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசியின் வீடு ஓட்டு வீடு. வேப்பமரத்தடியில் ஒரு பெண் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாதா கோயில் காலைப் பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை இன்னும் மாற்றவில்லை. கொல்லைப் பக்கம் கிணற்றில் ஏற்றம் இறைக்கும் சத்தம் கேட்டது. அவள் தலையை உயர்த்தினாள். ஆத்மநாதனை அடையாளம் தெரிந்துகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை.

"ஜெபமாலையம்மாதானே?" என்று செங்கமலம் முந்திக்கொண்டாள். "நான் இவுங்க வீட்டுல. அன்னைக்கு ஆலங்குடி வண்டியில பிள்ளையோட இருந்தது நான்தாம்மா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், உங்களைக் கூப்பிட்டு வச்சுக் கேட்டது."

ஜெபமாலையம்மாளின் மடியிலிருந்து கடலை சரிந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"நீங்களா," என்றாள். செங்கமலத்தை உற்றுப் பார்த்து மறுபடியும், "நீங்களா," என்றாள். "அவரு சொல்லவே இல்லைம்மா. சண்டை போட்டுக் கேட்டேன். மூணாவது பிள்ளை பெத்துக் கெடந்தப்பக் கேட்டேன். 'யாரோ ஒரு குடும்பம், கெட்டுப் போயிடக்கூடாது, விடு'ன்னுதான் சொல்லுவாரு. நான் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயிலுக்கு வர்ற பொம்பளைக மூஞ்சியெல்லாம் பாப்பேன். இவளா இருக்குமோ, இல்லை அங்கிட்டு நிக்கிறாளே, அவளா இருக்குமோன்னு. பாத்துப் பாத்து ஜெபம் மறந்துபோகும்."

செங்கமலம் அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபமாலையம்மாள் எழுந்து உள்ளே போனாள். அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கி வந்து ஆத்மநாதன் முன்னால் போட்டாள்.

"உக்காருங்கய்யா."

அவர் உட்கார்ந்தார்.

"காப்பித்தூள் இல்லை. மன்னிக்கணும்." அவள் குரல் ஏறவில்லை. "அன்னைக்கு எங்க வீட்டுக்காரரை வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க. நானும் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், இவுங்களை வச்சுக்கிட்டு. உங்க வீட்டம்மா எதுக்குய்யா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனாங்க?"

ஆத்மநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் கிடந்த கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது அவருக்கு. தன் எதிரே இப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகங்கள் வரிசையாக வந்தன. எல்லாருமே காப்பியை ஆற விட்டவர்கள். அதை அவர் மரியாதை என்றே எழுதி வைத்திருந்தார்.

"இவ அப்பாவைக் கூப்பிட்டேம்மா," என்றார். "அவரு முன்னால இவளைப் பத்திக் குத்தம் சொன்னேன். உங்களுக்குச் செஞ்ச மாதிரியேதான். நல்லது செய்யுறதா நெனச்சேன். அதை எழுதித்தான் பெரிய பட்டம் கேட்டிருக்கேன். வியாழக்கிழமை போயி, நான் எழுதுனது தப்புன்னு சொல்லிட்டு வரப்போறேன். அவுங்க பட்டம் குடுக்க மாட்டாங்க."

பொறுக்கிக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றது. அவள் கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். பதினெட்டு வருட வாழ்க்கையில் அவர் இப்படி ஒரு பதில் சொல்லி அவள் கேட்டதில்லை.

கிணற்றடியில் தண்ணீர் கொட்டும் ஓசை வந்துகொண்டே இருந்தது. ஜெபமாலையம்மாள் முந்தானையால் ஒரு தடவை முகத்தைத் துடைத்தாள். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"இந்தாங்க, எறைச்சது போதும், வாங்க. ஒங்க தங்கச்சி வந்திருக்காங்க."

ஏற்றத்தின் சத்தம் நின்றது.