வியாழக்கிழமையின் மூன்று எண்கள்

1926இல் மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோர் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக இருந்தேன். கஸ்பார் என்றால் எல்லாருக்கும் தெரியும். வயது இருபத்திரண்டு, தலைக்கனம் மட்டும் அறுபது வயதுக்காரனுக்கு உள்ளது. மிஷன் பள்ளியில் சீனியர் வரை படித்தவன், அணிக்கோவை தெரிந்தவன். அந்தத் தோட்டத்தில் வேறு எவனுக்கு அது தெரியும்?

பால் மரம் சீவுகிறவர்கள் வாளியில் பால் கொண்டுவருவார்கள். ஆளுக்கு எத்தனை காலன் என்று நான் அளந்து எழுதிக்கொள்வேன். மூன்றாம் தொட்டியில் இருளாயி, சன்னாசி, ராக்காயி மூவரின் பாலும் ஒன்றாகக் கலக்கும். அந்த வாரம் அந்தத் தொட்டிப் பாலை உறையவைத்து எடுத்த ரப்பர் ஷீட் செவ்வாயிலிருந்து மூன்று நாளும் எடை குறைவு. வியாழக்கிழமை படுமோசம்: பத்து காலன் பாலுக்கு இருபத்தொரு பவுண்டு. குறைந்தது முப்பது வந்திருக்க வேண்டும்.

“எவனோ தண்ணி ஊத்துறான். மூணு பேர்ல யாரு?” வெள்ளைக்கார மேனேஜர் துரை மேசையைத் தட்டினார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். திட்டும்போது இன்னும் நன்றாக வரும். பாலில் தண்ணீரைக் காட்டும் கண்ணாடிக் குழல் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாலும் ஷீட்டாகிப் புகைவீட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது என் புத்தகம் ஒன்றுதான். மாட்டுகிறவருக்குச் சீட்டுக் கிழியும். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் அன்றே காலி செய்ய வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? “தொரை, நான் கணக்குலயே கண்டுபுடிச்சுத் தாரேன்” என்றேன்.

யோசனை இதுதான். ஒவ்வொருவர் பாலிலும் காலனுக்கு எத்தனை பவுண்டு ரப்பர் இருக்கிறது? தெரியாதவை மூன்று. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள், மூன்று சமன்பாடு. போதாதா? இருளாயி, சன்னாசி, ராக்காயி என்ற வரிசையில் காலன்களை எழுதினேன். செவ்வாய் 2, 4, 3. புதன் 4, 2, 5. வியாழன் 3, 3, 4. அணிக்கோவையின் மதிப்பு பூச்சியம் ஆகாவிட்டால் விடை ஒன்றே ஒன்றுதான். அது ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெருக்கினேன், கழித்தேன். மைனஸ் பதினான்கு, மைனஸ் நான்கு, பிளஸ் பதினெட்டு. கூட்டினால் பூச்சியம்.

எங்கோ தப்பு என்று நான்கு தடவை திரும்பப் போட்டேன். அதே பூச்சியம். பிறகுதான் எண்களை உற்றுப் பார்த்தேன். செவ்வாயின் இரண்டும் புதனின் நான்கும் ஆறு, பாதி மூன்று. அடுத்தது ஆறு, பாதி மூன்று. அடுத்தது எட்டு, பாதி நான்கு. வியாழனின் மூன்று எண்ணும் அப்படியே. அடப்பாவி! வரிசை மூன்று இருந்தும் அதன் தரம் இரண்டுதான். வியாழன் புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. மரம் இப்படிச் சராசரி பார்த்தா பால் கொடுக்கும்? மனுஷன்தான் இப்படி எழுதுவான். எழுதிய மனுஷன் நான்.

வியாழக்கிழமை மழை. “நீங்களே ஊத்திட்டுப் போங்க” என்று மூவரிடமும் சொல்லிவிட்டு ஈப்போவுக்கு பயாஸ்கோப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் முந்திய இரண்டு நாள் எண்களைக் கூட்டிப் பாதியாக்கி எழுதினேன். எழுதியதை மறந்தும் போனேன். அந்த மழையில் அவர்கள் ஏழு காலன் ஊற்றியிருந்தாலே பெரிது, நான் எழுதியதோ பத்து. மற்ற இரண்டு நாள் குறைவும் மழைக்காலத்துப் பால் நீர்த்துப்போனதால்தான். தண்ணீரும் இல்லை, திருட்டும் இல்லை.

துரையிடம் போனேன். நடந்ததைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. “இந்த எண்ணை வச்சு யாருன்னு சொல்ல முடியாது, தொரை. விடையே வராது” என்றேன்.

அவர் வாயிலிருந்த சுருட்டைக்கூட எடுக்கவில்லை. “சொல்ல முடியாதா? சரி. மூணு பேர் சீட்டையும் கிழிச்சு அனுப்பு.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? கிராணி வேலை, கோட்டு, தனி வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் பெஞ்சு எல்லாம் கண்முன் வந்தன. உண்மையை விழுங்கிவிட்டேன். தூ, நானும் ஒரு படித்தவன்!

சாயங்காலம் மூவரும் மூட்டையோடு ஸ்டோர் வாசலில் நின்றார்கள். இருளாயிதான் பேசினாள்.

“ஐயா, வியாழக்கெழமை நீங்க ஸ்டோர்ல இல்லாததை நாங்க தொரைகிட்ட மூச்சு விடலை. சொன்னா ஐயா வேலை போயிரும்னு சன்னாசி அண்ணே சொன்னாரு. படிச்சவரு, எப்படியும் கணக்குப் போட்டு நம்மளக் காப்பாத்திருவாருன்னு இருந்தோம். பரவால்லீங்க. கணக்கு வரலைன்னா நீங்க என்ன செய்வீங்க?”

பால் புத்தகத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

“இருட்டுறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிருங்க” என்றேன்.