ஐந்து மில்லிமீட்டர்

மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிமையானது. கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் மயிரை மழித்து, மேலே பறவைக் காசநோய்க்கான மருந்தையும் கீழே மாட்டுக் காசநோய்க்கான மருந்தையும் ஊசியில் ஏற்றுவோம். மூன்றாம் நாள் இரண்டு இடத்திலும் தோலை மடித்துப் பிடித்து, காலிப்பர் என்ற இடுக்கி அளவுகோலால் தடிப்பை அளப்போம். மேலே வீங்கியதைவிடக் கீழே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் அதிகமாக வீங்கியிருந்தால் மாடு வெட்டுக்குப் போகும். நான்கு என்றால் தனியே கட்டி, அறுபது நாள் கழித்து மறுசோதனை.

தோல் பஞ்சு மாதிரி. காலிப்பரை இறுக்கினால் அளவு குறையும்.

போன வசந்தத்தில் வில்ஃப் லஸ்கம் பண்ணையில் டாம்சன் என்ற பசுவுக்கு ஐந்து வந்தது. அவர் மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு. அந்த அம்மாள் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான் இறுக்கினேன். "நாலு" என்றேன்.

மறுசோதனையில் டாம்சனுக்கு வீக்கமே இல்லை. வில்ஃப் சந்தோஷப்பட்டார். நோய் முற்றிய உடம்பு சில சமயம் ஊசிக்குப் பதிலே சொல்லாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மந்தையோடு சேர்க்கச் சொன்னேன்.

இந்த வசந்தத்தில் பதினோரு மாடுகளுக்கு நோய். டாம்சன் இருமிக்கொண்டு நின்றது.

முடிவு தெரிந்து இரண்டு நாள் கழித்து, வெட்டுக்குப் போகும் மாடுகளின் பட்டியலை நான் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணை தெல்மா யோ வந்தார். அவருடைய காட்டில் பேட்ஜர் எனப்படும், சிறு நாய் அளவுள்ள வளைக்கரடிகள் மண்ணைக் குடைந்து குடும்பமாக வாழ்கின்றன. அவை மாட்டுக்கு நோயைக் கொடுக்கும் என்பதால் சுற்றியிருந்த பண்ணைக்காரர்கள் எல்லோரும் சுட்டுக்கொல்ல அனுமதி கொடுத்தார்கள். தெல்மா மட்டும் வேர்க்கடலை வைத்துக் கூண்டில் பிடித்து, தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்.

"வாம்மா தெல்மா. உன் செல்லங்க செஞ்ச வேலையைப் பாரு" என்றார் வில்ஃப். "உன் கடலையைத் தின்னு கொழுத்துட்டு, என் தொட்டியில வந்து எச்சில் பண்ணிட்டுப் போயிருக்குங்க."

"போதும் வில்ஃப். நேத்து சர்ச் மண்டபத்துல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டுட்டேன். சுடறதுக்குக் கையெழுத்தும் போட்டுட்டேன். டாக்டர், இந்தத் தாளைக் கால்நடை ஆபீஸ்ல நீங்களே கொடுத்துடறீங்களா?"

நீட்டிய தாளை நான் வாங்கவில்லை.

"வேண்டாம்" என்றேன். "போன வருஷம் டாம்சனுக்கு நாலு இல்ல, அஞ்சு. நான் அழுத்தி அளந்தேன்."

வில்ஃப் தரையைப் பார்த்தார். "தெரியும். நாப்பது வருஷமா மாட்டோட கெடக்கிறேன், கட்டி எவ்வளவுன்னு என் கட்டைவிரலுக்குத் தெரியாதா? பேசாம இருந்துட்டேன்."

தெல்மா என்னிடம் திரும்பினார். "அப்போ என் காட்டுல இருக்கறதுங்க?"

"உறுதியா சொல்ல முடியாது. நோய் ரெண்டு பக்கமும் போகும். டாம்சன் மேஞ்ச புல்லுலதான் அதுங்களும் புழு தேடுது. இங்கேருந்துகூட அங்க போயிருக்கலாம்."

வகுப்பெடுப்பதுபோல் என் குரல் தெளிவாக இருந்தது. அதைக் கேட்டு எனக்கே கூசியது.

"ஊரே என்னைக் கேலி பண்ணுச்சு. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?" தெல்மா தாளை நாலாகக் கிழித்தார். "ஆபீஸுக்குப் போன் பண்ணுங்க டாக்டர். இங்கயே. நான் கேக்கணும்."

அழைத்து, நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு, "தப்பா அளந்தது யாருங்க டாக்டர்?" என்று கேட்டாள்.

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று, என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.