முழு எடை

வீர்லாவுக்கு விழத் தெரியவில்லை. டிராம்போலினில் குதித்து வளர்ந்தவள். தலைகீழாகச் சுழன்று வந்து பூனைபோல் காலூன்றுவாள். ஆனால், குடித்துவிட்டுச் சரிகிற பொம்மையாக என் கைகளில் விழச் சொன்னால் முடியவில்லை. பாதி வழியிலேயே அவள் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். என் கைக்கு வந்து சேரும்போது காலிப் பெட்டி மாதிரி இருப்பாள்.

பெல்ஜியத்தில், எங்கள் மெக்கலென் நகரத்து ஊர்வலத்தில் ஒரு குடிகாரப் பொம்மையைத் துணியில் போட்டு வானத்துக்கு எறிந்து பிடிப்பார்கள். எறிந்து பிடிக்கிற வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊர்வலம் முடிந்து, தெருவைக் கூட்டிய பிறகு, அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது? இதுதான் எங்கள் நாடகம். வசனம் கிடையாது. அவள் சரிவாள், நான் தூக்குவேன், மறுபடி சரிவாள். எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் மூன்று பேர் உருண்டு புரண்டு, உயிருள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்து செய்தது. அதில் பாதிக்கு மேல் வீர்லா கண்டுபிடித்தது.

மூன்றாவது ஆள் பாஸ்டியான். வெளியே நின்று பார்ப்பது அவன் வேலை. அதைச் சத்தமாகச் செய்வான்.

"இது பொம்மை இல்ல வீர்லா, பாலே. உனக்கு ஏறி உட்கார லாண்டர்னு ஒரு குதிரை கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்."

"குதிரை தூங்கி வழியுதே, அதையும் பாரு" என்றாள்.

வழிந்தேன்தான். இரவெல்லாம் விமான நிலையத்துப் பக்கம் பார்சல் கிடங்கில் வேலை. லூவன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. நகரும் பட்டையில் வருகிற பெட்டிகளைத் தூக்கி வண்டியில் அடுக்க வேண்டும். யோசிக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை பாஸ்டியான் ஒரு வைக்கோல் பொம்மையுடன் வந்தான். ஆள் உயரம், பழைய கோட்டு.

"யாருடா இது, உன் தம்பியா?" என்றாள் வீர்லா.

அவன் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சதுக்கத்துல முதல் சரிவைப் பார்ப்பேன். அது பொய்யா இருந்தா இதை லாண்டர்கிட்ட எறிஞ்சிடுவேன். நீ கூட்டத்துல போய் நின்னுக்க."

"என் நாடகத்துலேர்ந்து என்னையே தூக்குவியா?"

"நாடகத்தைக் காப்பாத்துவேன்."

அவள் சுவரோரம் போய்த் தண்ணீர் குடித்தாள். நிறைய நேரம் குடித்தாள். பாஸ்டியான் சொன்னது சரி என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் அவளை வதைத்தது.

பிறகு வந்து என் எதிரே நின்றாள். "நீ பொம்மையா இரு. நான் பிடிக்கிறேன்."

எனக்கு அது சுலபம். கால்கள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடி முழங்காலை விட்டேன். விழுந்தேன். அவள் கை வரவில்லை. இன்னும் விழுந்தேன். தரை வந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் அக்குளுக்குள் இரண்டு கைகள் நுழைந்தன.

"ஏய், லேட்டு! மண்டை போயிருக்கும்."

"நான் லேட்டு இல்லடா, நீதான் எப்பவும் சீக்கிரம்." என்னைத் தரையில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். "நான் விழறதுக்கு முன்னாடியே உன் கை அங்க இருக்கு. ஏற்கெனவே நீட்டின கையில எவ விழுவா? படுக்கத்தான் முடியும்."

பாஸ்டியான் பக்கத்தில் வந்து என் கைகளைப் பார்த்தான். அவனும் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.

அன்றும் மறுநாளும் காத்திருக்கப் பழகிப் பார்த்தேன். முடியவில்லை. அவள் முழங்கால் மடங்குவதைப் பார்த்ததும் கைகள் தாமாகப் போய்விடும். பட்டையில் பெட்டி சாய்வதைப் பார்த்தாலே பாய்ந்து பழகிய கைகள். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். அப்போது தோள் முந்திக்கொண்டது. "உன்னைச் சுத்தியால அடிச்சாத்தான் நிப்ப போல" என்றாள் வீர்லா. குரலில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். சதுக்கத்தில் பீர் மேசைகள், உருளை வறுவல் வாசனை, கிடைத்த இடத்தில் நிற்கிற ஜனம். பாஸ்டியான் வட்டத்தின் ஓரத்தில் வைக்கோல் பொம்மையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். வீர்லா கற்பாதையில் தள்ளாடி வந்தாள். சில பேர் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என் கைகள் எழுந்துவிட்டன. அதை அவள் பார்த்ததும், உடம்பு உடனே லேசாகத் தயாரானதும் எனக்குத் தெரிந்தது. பாஸ்டியான் எழுந்து நின்றான்.

நான் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

இதை நாங்கள் ஒத்திகை பார்த்ததில்லை. அவளைப் பார்க்கிற வரைக்கும் என் கைகள் சொன்னதைக் கேட்காது. பார்க்காவிட்டால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், அல்லது புரிந்திருக்காது. கீழே கல். அவள் ஒதுங்கி நின்றிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

முன்னால் நின்ற பெண்மணி ஒருத்தி கையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் அது வந்தது.

முதலில் தலை, என் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், தட்டென்று. பிறகு நெஞ்சு, இடுப்பு. என் முழங்கால்கள் மடங்கின. அவள் என் முதுகில் வழிந்து இறங்கத் தொடங்கியபோது கைகளைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்தேன். வாழ்நாளில் எத்தனை பெட்டி தூக்கியிருப்பேன். ஒன்றுகூட இந்த மாதிரி இல்லை. எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாத ஓர் ஆள். விரல்நுனிகூடத் தன்னைத் தாங்கவில்லை. அவள் மூச்சு என் கழுத்தில் சூடாக வந்து போனது. அந்த மூச்சின் எடைகூடத் தெரிந்ததாக நினைத்தேன். இத்தனை நாள் நான் ஆட்களைத் தொட்டதே இல்லை என்றும் நினைத்தேன். அது அபத்தம், ஆனாலும் நினைத்தேன்.

ஒரு முழங்கால் தரையில் ஊன்றிவிட்டது. எழ வேண்டிய இடம். எழ முடியவில்லை. இவ்வளவு எடையோடு ஒருமுறைகூட எழுந்து பழகியதில்லையே.

பீர்க் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. தடித்த ஒருவர் வட்டத்துக்குள் வந்தார்.

"அட, ஒத்தை ஆளா தூக்குவ? நகருப்பா."

நான் நகரவில்லை. அவர் வீர்லாவின் ஒரு காலைப் பிடித்தார். வாயைப் பொத்தியிருந்த பெண்மணி வந்து இன்னொரு காலைப் பிடித்தாள். "கையைப் பிடி, கையைப் பிடி, தொங்குது பாரு" என்று யாரையோ அதட்டினாள். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவள் இடுப்புக்குக் கீழே வைக்கோல் ஒட்டிய ஒரு கை நுழைந்தது. பாஸ்டியானுடையது. நான் திரும்பித் தலையை மட்டும் ஏந்திக்கொண்டேன். வீர்லாவின் கண் மூடியிருந்தது. இத்தனை அந்நியக் கைகள் பட்டும் ஒரு தசைகூட விறைக்கவில்லை. பொம்மைகூட இவ்வளவு நம்பாது.

தூக்கினோம். கூட்டம் தானே வழி விட்டது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தம்பி, எங்க கொண்டு போகணும்?" என்றார் தடித்தவர், ரகசியமாக, கவலையோடு.

நான் பாஸ்டியானைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். தூக்கிய பிறகு எங்கே என்பதை நாங்கள் செய்து வைத்திருக்கவே இல்லை. நான் நிமிர்ந்து நிற்பதோடு நாடகம் முடிந்துவிடும். வீடு எங்கே என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு வசனமும் கிடையாது.

மோவாயால் நேராகக் காட்டினேன். எல்லோரும் காலை மாற்றி, மூச்சைச் சேர்த்து, நடக்கத் தொடங்கினார்கள்.