பழைய அளவுகள்

1

பிற்பகல் மூன்று பத்துக்கு அக்கா அலுவலகத்திலிருந்து அழைத்தாள். இந்தக் கதை அப்போது தொடங்கியது. அவள் இன்னும் இணைப்பில்தான் இருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: காணாமல் போனவர்களுக்கென்று ஓர் ஊர் இருந்தால் அங்கே—

(வேண்டாம். அழகாக இருக்கிறது.)

இரண்டாவது: அக்காவின் அலுவலகத்தில் காணாமல் போனவர்களும் யாரும் கேட்டு வராத உடல்களும் ஒரே கணினிக் கோப்பில் இருக்கிறார்கள். கோப்புக்குள் அறைகள். ஆளின் விவரங்களிலிருந்து ஓர் எண். அந்த எண்ணைக் கணினி ஒரு கணக்கில் போட்டு, விடை காட்டுகிற அறையில் வைக்கும். எத்தனை அறைகள், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அக்கா பார்த்துப் பார்த்து வைத்த அளவுகள். தாராளமாக வைத்திருக்கிறாள். ஓர் அறைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். தேடினால் சட்டென்று கிடைப்பார்கள்.

3

போன வருடம் அக்கா கோப்பைக் காலி செய்து நிரப்புவதற்குப் பதிலாக, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினாள். ஆட்கள் அனைவரும் திரும்பி வந்தார்கள். அளவுகள் வரவில்லை. கணினி தன் வழக்கப்படி சில அறைகளை மட்டும் திறந்து எல்லோரையும் நெருக்கி அடைத்தது.

"ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. மேனேஜர் என்னை வறுத்து எடுத்துட்டாரு," என்றாள் அன்று.

அறை அறையாகப் படிப்பது அங்கே வேலைமுறை. அந்த வாரம் படித்த அறையிலெல்லாம் காணாமல் போன ஒருவர், ஓர் உடல் என்று ஜோடி கிடைத்தது. இந்த உடல்தான் அந்த ஆள். கைரேகை ஒத்துப்போனது. வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்படி உடலாகக் கிடைத்ததாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் முந்தின நாள்தான் வீட்டுக்குப் பேசியிருந்தார். உடல் கிடைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அக்கா பழைய அளவுகளைத் திரும்ப வைத்தாள். ஜோடிகள் வருவது நின்றது.

4

எங்கள் தம்பி காணாமல் போனது அதற்குப் பிறகு.

(முதல் வரைவில் அவனை அண்ணனாக்கி, வயதையும் மாற்றியிருந்தேன். பிறகு பயம் வந்தது. விவரம் மாறினால் வேறு அறைக்குப் போய்விடுவான். திருத்திவிட்டேன். தம்பிதான்.)

அக்காவின் கோப்பில் அவன் ஓர் அறையில் தனியாக இருக்கிறான். தினமும் வேலைக்குப் போனதும் அவள் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறாள்.

5

இன்று அங்கே கணினியை மாற்றுகிறார்கள். கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும்.

முடிவு ஒன்று: அளவுகளை வைத்துக்கொள்கிறாள். தம்பி தனியாகவே இருப்பான். எப்போதும்.

முடிவு இரண்டு: அளவுகளை விட்டுவிடுகிறாள். இந்த வாரம் யாராவது எங்கள் வீட்டுக்கு—

"அம்மாகிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். ஏதோ ஒண்ணு தெரிஞ்சாப் போதும்டிங்கறா."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் நினைக்கிறதா? எனக்குக் கை ஓடலடி. நீ என்னடான்னா டைப் அடிச்சிட்டிருக்க. சத்தம் கேக்குது."

நிறுத்தினேன். தொலைபேசியை உங்கள் பக்கம் வைக்கிறேன்.

"ஹலோ? லைன்ல வேற யாருங்க? சரி, நீங்களாவது சொல்லுங்க. பழைய அளவையே வச்சுக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் கேட்டு நிக்குது. ஆமான்னு போடவா, இல்லன்னு போடவா?"