எம்மெட்டின் தோப்பில் பதினொரு குழிகள்

அறுபத்து மூன்று வயதில் என் மனைவி பெர்னடின் தனக்கென்று ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கப் போவதாகச் சொன்னாள். இருபத்தாறு வருடமாகப் புல்வெளிகளில் பழைய காசு தேடி அலைகிறவன் நான். எந்தக் கருவி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் எங்கள் கிளப்பில் என்னிடம்தான் அனுப்பி வைப்பார்கள். அந்தப் பெருமையில் மூன்று விலைப்பட்டியல்களோடும் ஒரு நோட்டோடும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

கடையில் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, பத்து நிமிடம் இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தாள். கடைக்காரர் இரண்டு காபி குடித்து முடித்துவிட்டார்.

"இதைப் பாரு பெர்னி, ஒரு அடி ஆழம் போகும். மண்ணுக்குத் தகுந்த மாதிரி தானா மாத்திக்கும்" என்றேன்.

"கை வலிக்குது."

"திரையில நம்பர் வரும். நம்பரைப் பாத்தே வெள்ளியா தகரமான்னு சொல்லிடலாம்."

"எனக்கு நம்பர் வேண்டாம், சத்தம் போதும். கல்யாணமான நாள்ல இருந்து உன் பேச்சுல எது வெள்ளி எது தகரம்னு காதாலதானே பிரிச்சிட்டிருக்கேன்?"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. இருப்பதிலேயே எடை குறைந்த, விலையும் குறைந்த, தரையைத் துழாவும் தட்டு சின்னதாக இருந்த ஒன்றை அவள் வாங்கினாள். குப்பை நிறைந்த இடத்தில் சின்னத் தட்டுதான் நல்லது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடுப்பில் அதை நான் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் சர்ச்சின் சீட்டாட்டத்துக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "எம்மெட் க்ளாஸ்னர் அவர் தோப்புல தேடிக்கச் சொல்லிட்டாரு. சனிக்கிழமை."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். எழுபதுகள் வரைக்கும் கோடை ஞாயிறுகளில் அந்த ஓக் மரங்களின் கீழேதான் ஊரே கூடும். பிக்னிக், பேண்டு வாத்தியம், நடனம், அப்புறம் புல்லில் படுத்து உருளுதல். சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்த காசெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. இப்போது எம்மெட்டின் கிடாரிகள் மேயும் இடம் அது. இருபது வருடமாகக் கேட்டில் பூட்டு தொங்குகிறது. அதற்கப்புறம் காசு தேடுகிறவன் எவனும் உள்ளே கால் வைத்ததில்லை.

"எத்தனை மணிக்குப் போறோம்?" என்று கேட்டேன்.

"நான் எட்டு மணிக்குப் போறேன். உன்னை கேட்டுக்கு வெளியவே நிறுத்தச் சொன்னாரு."

அதன் காரணத்தை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் கிளப்பிலிருந்து ஐந்து பேர் அந்தத் தோப்புக்குப் போயிருந்தோம். அன்று மாலை ஒரு கிடாரி மூடாத குழி ஒன்றில் கால் விட்டு, கால் முறிந்து, அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. எம்மெட் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்து யாருடைய குழி என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன்.

அது என் குழி. வெள்ளி அரை டாலர் ஒன்று கிடைத்த குஷியில், அதை மற்றவர்களிடம் காட்ட ஓடினவன், குழியை மறந்தே போனேன். எங்கள் ஆட்களில் ஒருவன் காசைத் தவறவிடலாம், திட்டு வாங்கலாம், வெறுங்கையோடு வீடு திரும்பலாம். குழியை மூடாமல் வரக் கூடாது. அதற்கப்புறம் நான் குழி மூடுவதில் பைத்தியமாகவே ஆகிவிட்டேன். கிளப்பில் எனக்குப் புல் தையல்காரன் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

இரண்டு நாள் எங்கள் வீட்டுப் புல்வெளியில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். புல்லை மூன்று பக்கம் வெட்ட வேண்டும். நாலாவது பக்கத்தைக் கதவுக் கீல் மாதிரி விட்டுவிட வேண்டும். தோண்டும் மண்ணைத் துண்டு விரித்து அதில்தான் போட வேண்டும். பிறகு மண்ணைப் படிப்படியாக உள்ளே போட்டு அழுத்தி, புல்லைக் கவிழ்த்து, காலால் மிதித்து, விரலால் கோதிவிட வேண்டும்.

"நம்ம புல்லு சலூனுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள் பெர்னடின். ஆனால் கை அவளுக்கு என்னைவிட நயமாக வந்தது.

சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, பைனாகுலரோடு உட்கார்ந்தேன். எம்மெட்டுக்கு எண்பத்தொரு வயது. மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டே குழிகள். பிக்னிக் நடந்த தோப்பில் அப்படி இருக்கவே முடியாது. போனைப் போட்டேன்.

"பெர்னி, பீர் டப்பா வளையத்தை ஒதுக்கற பட்டனைப் போட்டு வெச்சிருக்கியா?"

"ஆமா. ஒரு குப்பைகூட வரலை, எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"அட கடவுளே! அஞ்சு சென்ட் காசுக்கும் அந்த வளையத்துக்கும் ஒரே சத்தம். குப்பையை ஒதுக்கினா காசும் கூடவே போயிடும். அதை எடுத்து விடு, கிடைக்கறதையெல்லாம் தோண்டு!"

"தூரத்துல இருந்துக்கிட்டு வண்டி ஓட்டாத, ஆரின்" என்று போனை வைத்துவிட்டாள். ஆனால் குனிந்து எதையோ அழுத்தினாள். அதற்கப்புறம் வளையம், வளையம், ஆணி, வளையம். பிறகு ஒரு குழியிலிருந்து எதையோ எடுத்து, துடைத்து, துள்ளி எழுந்தாள். அவசரமாக மண்ணைத் தள்ளிப் புல்லை மூடி, ஒரு மிதி மிதித்துவிட்டு, கேட்டை நோக்கி நாலடி ஓடி வந்து, எனக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். எருமைப் படம் போட்ட பழைய அஞ்சு சென்ட்! நான் வண்டிக்குள்ளேயே கைதட்டினேன்.

மதியம் எம்மெட் மெதுவாக நடந்து வந்து பூட்டைத் திறந்தார்.

"உள்ள வா."

"நானா?"

"வேற யாரு இங்க பைனாகுலரோட உக்காந்திருக்கா? காலையில இருந்து என் மாடுங்க வெக்கப்பட்டு நிக்குதுங்க."

உள்ளே போனேன். பெர்னடின் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உன் பொண்டாட்டி பதினொரு குழி தோண்டினா. பாத்துட்டேதான் இருந்தேன். இப்போ எந்திரிச்சுத் தேடினா ஒண்ணும் தெரியலை" என்றார் எம்மெட். "என் கண்ணு பழசு. உனக்கு இதே வேலை. நீ ஒரு குழியைக் காட்டு பாப்போம். காட்டிட்டேன்னா இன்னிக்கோட சரி, கேட்டைப் பூட்டிடுவேன். காட்ட முடியலைன்னா ரெண்டு பேரும் எப்ப வேணா வரலாம்."

பெர்னடின் சிரித்தாள். நான் நடந்தேன். முதல் மரத்தைச் சுற்றி ஒன்றுமில்லை. இரண்டாவது மரத்தடியில் அவள் மண்டியிட்டதை நானே பார்த்தேன். அங்கும் ஒன்றுமில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மூன்றாவது மரத்துக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் புல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த அஞ்சு சென்ட் கிடைத்த இடம். லேசாக மிதித்துப் பார்த்தேன். உள்ளே பொதபொதவென்று இருந்தது.

தாண்டிப் போயிருந்தால் போதும். தாண்டிப் போ என்றுதான் பெர்னடினின் கண் சொன்னது. இருபது வருடமாக ஆசைப்பட்ட தோப்பு என் காலடியில் இருந்தது. எம்மெட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றேன்.

"ஆரின்!" என்று பெர்னடின் கத்தினாள்.

"மண்ணை அழுத்தாம மூடியிருக்கா. மாடு மிதிச்சா கால் போயிடும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "அன்னிக்கு அந்தக் குழியும் என்னோடதுதான் எம்மெட். உங்க கிடாரி செத்தது என்னாலதான். உங்க மூஞ்சியைப் பாத்துப் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார் அவர்.

"எப்படி?"

"மத்த நாலு பேரும் என்னை எங்க பாத்தாலும் நின்னு பேசுவாங்க. நீ ஒருத்தன்தான் கடையில என்னைப் பாத்தா வேற வரிசைக்குப் போயிடுவே. மாடு போன வருத்தம் அந்தக் குளிர்காலத்தோட தீந்துச்சு. நீ வந்து சொல்லுவேன்னு உக்காந்திருந்ததுதான் ரொம்ப நீளமாப் போச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் முடியவில்லை.

"சரி, சரி. முதல்ல அதை ஒழுங்கா மூடு" என்றார்.

மண்டியிட்டு, மண்ணை எடுத்து, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு அழுத்தினேன். புல்லைக் கவிழ்த்துக் கோதினேன். எம்மெட் அதன் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்று, ஒரு குதி குதித்தார். பிறகு இறங்கி நாலாபக்கமும் பார்த்தார்.

"எங்க அந்தக் குழி? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீ ஒண்ணையும் காட்டலையே?"

"எம்மெட்..."

"போ, உன் மிஷினை எடுத்துட்டு வா. இருட்ட இன்னும் ஏழு மணி நேரம் இருக்கு."

வண்டிக்கு நடக்கும்போது பெர்னடின் கூடவே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருபது வருஷம் என்கிட்டகூடச் சொல்லலை."

"சொன்னா அடுத்த நாளே என்னை இழுத்துட்டு வந்து அவர் முன்னால நிறுத்தியிருப்பே."

"நிறுத்தியிருப்பேன்தான். இருபது வருஷம் இங்க காசு எடுத்திருக்கலாம், முட்டாளே" என்றாள். பிறகு என் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "மத்த பத்து குழி?"

"எனக்குத் தெரியலை பெர்னி. நிஜமா ஒண்ணுகூடத் தெரியலை."

அவள் என் கருவியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.